சாரலை நம்பிய கார்

என்னுடையது ரேடியேட்டர் கடை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், லாரியும் டிராக்டரும் கொதித்துப்போய் வந்து நிற்கிற இடம். என் வீட்டுக்காரர் இருந்தவரை அது அவர் கடை, அவர் போன பிறகு என் கடை. ஒழுகுகிற ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்றடித்து, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்து, ஈயம் வைத்து அடைப்பது என் வேலை. நான் அடைத்த ஓட்டை மறுபடி ஒழுகியது என்று யாரும் திரும்பி வந்ததில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அப்படிப்பட்ட கடைக்கு, போன சீசன் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ரேடியேட்டரே இல்லாத ஒரு கார் வந்து நின்றது.

பழைய கார். முதுகு வளைந்து, விளக்கு உருண்டு, ஆமை மாதிரி இருந்தது. எஞ்சின் பின்னால். முன்மூடியைத் திறந்தால் பெட்ரோல் டேங்கும் ஸ்டெப்னி டயரும்தான். நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன்.

"இதுக்குத் தண்ணி எங்கன ஊத்துவாக?" என்று மகளிடம் கேட்டேன்.

"தண்ணியே வேண்டாம்மா. காத்துலயே ஆறிக்கிடும்."

"அப்பம் நம்ம கடைக்கு எதுக்கு வந்துச்சு?"

"உன் கடைக்கு வரல. எங்கிட்ட வந்துருக்கு," என்றாள் அவள்.

எனக்குக் கோபம் வந்தது. காரைப் பார்த்தா, மகளைப் பார்த்தா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அவள் கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளுக்கு எஞ்சின் கட்டுகிற பட்டறையில் வேலை பார்த்தவள். கல்யாணமான பிறகு அந்த வேலையை விட்டாள். மாப்பிள்ளை மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். குடும்பத்தை வைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. வீடும் பார்த்துவிட்டார். இவள் போகவில்லை. அங்கே போனால் நான்கு சுவருக்குள் ஏசி காற்றில் உட்கார்ந்திருக்க வேண்டும், இந்த வேலை செய்ய எனக்கு அங்கே யார் இடம் தருவார்கள் என்று கேட்டாள். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. யோசித்துத்தான் சொன்னார். "ஒரு வண்டி செஞ்சு காட்டு. அது ஓடி, அடுத்த வண்டி தானா வந்துச்சுன்னா நீ அங்கனயே இரு, நான் என் வழியப் பாக்கேன். இல்லைன்னா சீசன் முடிஞ்சதும் கெளம்பி வந்துரணும்." இவளும் சரி என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வண்டிதான் இது.

காருக்குச் சொந்தக்காரர் குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கிற அண்ணாச்சி. அவருடைய அப்பா ஓட்டிய கார். அண்ணாச்சியின் குறை என்னவென்றால், செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு மலை ஏறும்போது வண்டி மூச்சு வாங்குகிறது.

"பால் வண்டிக்காரன் என்னைய முந்திட்டுப் போறான் ஆச்சி. போனோம் வந்தோம்னு இல்லாம, கை வேற காட்டிட்டுப் போறான். என் பொண்டாட்டி பின்னால உக்காந்து சிரிக்கா."

அதற்காக டர்போ வைக்க வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. "அப்பா வண்டி. தகட்டுல புதுசா ஒரு ஓட்டை விழுந்துரக் கூடாது தாயி. நாளைக்கு டர்போவைக் கழட்டினா, பழைய வண்டியா அப்பிடியே நிக்கணும்."

டர்போ என்றால் என்ன என்று மகள் எனக்குச் சமையல்கட்டில் வைத்துச் சொன்னாள். எஞ்சின் வெளியே விடுகிற புகையே ஒரு காற்றாடியைச் சுற்றும். அந்தக் காற்றாடி வெளிக்காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் அதற்குத் தக்கக் கூட வேண்டும். கூடாவிட்டால் உள்ளே சூடு ஏறி, பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடும். தண்ணீர் ஓடுகிற எஞ்சினாக இருந்தால் அந்தச் சூட்டில் கொஞ்சத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். இதில் தண்ணீர் கிடையாது. "அதனால பெட்ரோல்தாம்மா இதுக்கு உசிரு. டர்போவை எவனும் மாட்டிருவான். பெட்ரோல் கொண்டு போற வழியில இருக்கு வேலை."

அந்த வழியைத்தான் அவள் புதிதாகக் கட்டினாள். எஞ்சினில் இருந்த சின்ன பம்பை எடுத்துவிட்டு, முன்னால் டேங்குக்குக் கீழே கரண்டில் ஓடுகிற பம்பு வைத்தாள். அதற்கு முன் ஒரு வடிகட்டி, பின் ஒரு வடிகட்டி. பெட்ரோலை மை போலத் தெளிக்கிற இஞ்செக்டர்கள். அழுத்தம் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்ள ஒரு ரெகுலேட்டர். பழைய டேங்கைத் துணி சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, புது டேங்க் நான் செய்தேன். மலை வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடிவிட்டால் பம்பு வெறும் காற்றை உறிஞ்சும் என்று சொன்னாள். அதனால் உள்ளே தடுப்புத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். முடித்து, ரேடியேட்டர் தொட்டியில் முக்கிக் காற்றடித்தேன். ஒரு குமிழி வரவில்லை. "பாத்துக்கோ," என்றேன். "பாத்தாச்சு, பாத்தாச்சு," என்றாள்.

ரெகுலேட்டரை அவள் முன்னாலேயே, டேங்குப் பக்கத்தில் வைத்தாள். மிச்சப் பெட்ரோல் அங்கேயே டேங்குக்குள் திரும்பிவிடும். பின்னால் எஞ்சினுக்கு ஒரே ஒரு குழாய். காரின் நடுவயிற்றில் ஒரு குழாய் போகத்தான் வழி இருந்தது. இன்னொரு வழிக்கு ஓட்டை போட வேண்டும், அண்ணாச்சி விடமாட்டார். அதனால் எஞ்சினுக்குப் போன பெட்ரோல் அங்கேயே நின்று, கேட்கும்போது கேட்கிற அளவு எரியும். அப்படிச் செய்கிற பெரிய கார்கள் எத்தனையோ இருக்கின்றன என்றாள். பொய் இல்லை.

அதற்குள் சாரல் இறங்கிவிட்டது. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் யாரும் வேலையை முழுசாகப் பார்ப்பது கிடையாது. மத்தியானம் ஆனால் கடையைப் பாதி சாத்திவிட்டு, தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பிவிடுவோம். இவள் அதையே சோதனை ஓட்டமாக ஆக்கிவிட்டாள். நான் எண்ணெய்த் தலையோடு முன்சீட்டில் உட்காருவேன். மடியில் துண்டு விரித்து, துண்டின் மேல் லேப்டாப்பை வைப்பாள்.

"அந்த மூலையில ஒரு நம்பர் ஓடுதுல்லா. நான் மிதிக்கும்போது அது பதிமூணுக்கு மேல ஏறினா உடனே சொல்லணும்."

"ஏறினா என்ன?"

"பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம். பேசாதம்மா, நம்பரைப் பாரு. எண்ணெய் சொட்டுது பாரு, ஐயோ!"

எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். நம்பர் வேகமாக வரும். "பதிமூணு" என்று கத்துவேன். காலை எடுப்பாள். ஓரமாக நிறுத்தி ஏதோ தட்டுவாள். மறுபடி மிதிப்பாள். கண்ணாடியெல்லாம் சாரல் பூத்திருக்கும். குளிர்ந்த காற்று மலை இடுக்கிலிருந்து வந்து முகத்தில் அடிக்கும். நானும் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு திரும்பும்போதும் நம்பர் பார்த்திருக்கிறேன். சீசன் முழுவதும் இப்படித்தான். அந்த நம்பர் ஒரு நாள் பதிமூன்றைத் தொடாமல் மலை ஏறி முடித்தது. அன்றைக்கு அண்ணாச்சியும் பின்சீட்டில் இருந்தார். பால் வண்டியை முந்தினோம். அண்ணாச்சி பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே விட்டுக் கை காட்டினார். அந்த ஓட்டுநர் யாரோ புது ஆள் போலிருக்கிறது, பாவம், மரியாதையாகத் திரும்பிக் கும்பிட்டான்.

வண்டியை ஒப்படைத்தோம். கொல்லத்திலிருந்து அண்ணாச்சியின் சிநேகிதர்கள் வந்து பார்த்தார்கள். அவர்களிடமும் இதே மாதிரிக் கார்கள் இருக்கின்றன. கொண்டுவருகிறோம் என்றார்கள். மகள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "ஓடிருச்சு," என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

பிறகு சாரல் நின்றது. வெயில் வந்தது. அண்ணாச்சி திருவேங்கடத்துக்குச் சொந்தக்காரக் கல்யாணம் ஒன்றுக்குக் காரில் போனார்.

திருவேங்கடம் கரிசல் காடு. எங்கள் மாவட்டம்தான், ஆனால் எங்கள் சாரலுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போகிற வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்திருக்கிறது. அண்ணாச்சி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். ரயில் போனது, கேட் திறந்தது, வண்டி கிளம்பவில்லை. பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரனை அமுக்க, பட்டுச் சட்டையோடு அண்ணாச்சி இறங்கித் தள்ளியிருக்கிறார். கல்யாணத்துக்கு அதே வழியில் போன சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

நாங்கள் லோடு வண்டி பிடித்துப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கார் ஒரு உடைமரத்தடியில் நின்றது. அண்ணாச்சி சட்டைப் பொத்தானை எல்லாம் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"கேட்டிய ஆச்சி. என் சகலப்பாடி வந்து சொல்லுதான், மாட்டை அவுத்துட்டு வண்டிய மட்டும் கொண்டாந்தியளோன்னு. தாலி கட்டுனதைக்கூட நான் பாக்கல."

மகள் சாவியைப் போட்டுத் திருப்பினாள். ஒரே திருப்பில் எஞ்சின் ஓடியது.

"பாத்தியளா! உங்க மவளைக் கண்டா மட்டும் ஓடுது. அப்பம் இவளையும் சேத்துத்தான் எனக்குக் குடுக்கணும் நீங்க."

அவர் சிரிக்காமல் சொன்னார். எஞ்சின் ஓடியதற்கு அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. பின்மூடியைத் திறந்து, குழாயின் மேல் விரலை வைத்து வைத்து எடுத்தாள்.

"அண்ணாச்சி, கேட்டுல எஞ்சினை அமத்திட்டு ரொம்ப நேரம் நின்னியளோ?"

"ரயிலு வரணும்லா. அதுக்கு என் அவசரம் தெரியுமா?"

அவ்வளவுதான் கேட்டாள். காரை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது லோடு வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "யம்மா, குழாய்ல நின்ன பெட்ரோல் கொதிச்சுட்டு," என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "நாம சாரல்லயே ஓட்டிப் பாத்துட்டோம்மா," என்றாள்.

காற்றால் மட்டும் ஆறுகிற எஞ்சின், நின்றுவிட்டால் காற்று இல்லை. அந்தச் சூடு முழுவதும் மேலே ஏறி, பக்கத்தில் சும்மா நிற்கிற பெட்ரோலைக் கொதிக்க வைத்து ஆவியாக்கிவிடும். குற்றாலத்தில் நாங்கள் எத்தனை தடவை நிறுத்தினோம், குளித்தோம், கிளப்பினோம்! எங்கள் ஊர்க் காற்று எங்களுக்காக அந்தக் குழாயை ஆற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அது எங்கள் கெட்டிக்காரத்தனம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அன்று அந்த லோடு வண்டியில் எனக்கு வேறொன்றும் நினைவு வந்தது. இவள் கல்யாணப் பேச்சு முடிந்ததும் ஒரு சீசனில்தான். மாப்பிள்ளை லீவில் வந்திருந்தார். இரண்டு குடும்பமும் சேர்ந்து அருவிக்குப் போனோம். சாரலில் நனைந்துகொண்டே சூடாக வடை தின்றோம். எல்லோருக்கும் எல்லோரையும் பிடித்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு யார் எங்கே இருப்பது, அவள் வேலை என்ன ஆவது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி நேரமாக அது இல்லை. சாரல் அப்படி. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு அன்றைக்கு ஒரு கொதிப்பு போதும்.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். "பழைய சாமானையே மாட்டிக் குடுத்துரு தாயி. மெதுவாப் போனாலும் போய்ச் சேரணும்லா," என்றார். வண்டி ஓடவில்லை என்று கொல்லத்துக்காரர்களுக்கும் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை போனில், "நான் குத்திக் காட்டலட்டி. ஆனா பேச்சு பேச்சுதான்," என்றார். எனக்குக் கேட்கட்டும் என்றே இவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"ஒரு தடவை குடுங்க அண்ணாச்சி. ஒரு தடவைதான்," என்று இவள் கேட்டாள். என் மகள் ஒருவரிடம் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்விட்டேன்.

அரைமனதாகச் சரி என்று காரை விட்டுவிட்டு அவர் போன பிறகு, லாரிக்காரர்கள் செய்வதைச் சொன்னேன். "ஈரத்துணியக் குழாய்ல சுத்தி விட்டா என்ன? பம்பு சூடானா நம்ம டிரைவரெல்லாம் அதத்தான செய்யுதாவ."

"சுத்தலாம். காய்ஞ்சா ஊத்துறதுக்குக் கேரியர்ல ஐந்தருவியையும் கட்டிட்டுப் போகணும்."

"நக்கலு."

"நக்கலு இல்லம்மா. பெட்ரோலு நிக்கக் கூடாது. எஞ்சினு வரைக்கும் போய்ட்டு, மிச்சம் அம்புட்டும் டேங்குக்கே திரும்பி வந்துக்கிட்டே இருக்கணும். ஓடிக்கிட்டே இருந்தா சூடு ஏற நேரம் கிடையாது. ஏறினாலும் டேங்குல வந்து ஆறிக்கிடும். ரெகுலேட்டரைக் கொண்டுபோய்ப் பின்னால வைக்கணும். இன்னொரு குழாய் வேணும்." அவள் தலையில் கை வைத்தாள். "ஓட்டை போடாம அதை எங்கன கொண்டு போவ?"

நான் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். என் வயசுக்கு அது சுலபமில்லை, ஆனால் படுத்தால்தான் எனக்கு ஒரு பொருள் புரியும். அவளும் பக்கத்தில் வந்து படுத்தாள். இரண்டு பேரும் டார்ச் அடித்துக்கொண்டு கிடந்தோம். வண்டியின் அடித்தகட்டையும் மேல்கூட்டையும் சேர்க்கிற போல்ட்டுகள் ஓரம் முழுக்க வரிசையாக இருந்தன.

"இந்தப் போல்ட்டுலயே கிளிப்பைக் கோத்துத் தொங்க விட்டா?" என்றேன்.

அவள் டார்ச்சை முன்பக்கம் திருப்பினாள். அங்கே ஒரு ஓட்டை, ரப்பர் மூடி போட்டு அடைத்திருந்தது. ஸ்டியரிங் மற்றப் பக்கம் இருக்கிற ஊர்களுக்காக வண்டி செய்தவர்களே விட்டு வைத்த ஓட்டை. "அண்ணாச்சி போடாதன்னது புது ஓட்டை," என்றாள். இருட்டில் அவள் பல் தெரிந்தது.

குழாய்க்குச் செம்புதான் நல்லது என்று சண்டை பிடித்தேன். செம்பு என் கைக்குப் பழகினது. வளைத்த இடம் நடுக்கத்தில் விரிசல் விட்டுவிடும், பெட்ரோலுக்கு ஆகாது, இரும்புக் குழாய்தான் என்று நின்றாள். அவள் சொன்னதுதான் சரி. ஆனால் நடுவில் ஒரு மூட்டுகூட இருக்கக் கூடாது, ஒரே குழாயாகப் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும் என்று நான் நின்றேன். மூட்டு என்றால் கசிவு. மணலை நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, முழங்காலில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தேன். எங்கேயும் நசுங்கவில்லை. பிறகு மணல் ஒரு பொடி இல்லாமல் கழுவிக் காற்றடித்தோம். டேங்கைக் கழற்றி, பலதடவை அலசி, தீப் பிடிக்காதபடி தண்ணீர் நிரப்பி வைத்து, பெட்ரோல் திரும்பி வரும் குழாய்க்கு ஒரு வாய் பற்றவைத்தேன். அதையும் அடிப்பக்கமாக வைத்தேன். மேலேயிருந்து விழுந்தால் அருவி மாதிரி நுரைக்கும், நுரையைப் பம்பு குடிக்கக் கூடாது.

சோதனைக்குக் குற்றாலம் வேண்டாம் என்று இவளே சொல்லிவிட்டாள். அண்ணாச்சியை வரச் சொல்லி, நல்ல உச்சி வெயிலில் திருவேங்கடத்துக்குக் கிளம்பினோம். அவர் குடையை மடக்கிப் பின்சீட்டில் உட்கார்ந்தார். அந்தக் கேட்டுக்குப் போகும்வரை இவள் வண்டியை விரட்டினாள், எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும் என்று. போய்ச் சேர்ந்ததும் சாத்தியிருந்த கேட்டுக்கு முன்னால் அணைத்தாள்.

"ஜன்னல அடைச்சு வச்சு என்னைய வேக வைக்கியா தாயி? இதுல ஏசி கூடக் கிடையாது."

"பெட்ரோல வேக வைக்கேன் அண்ணாச்சி. நீங்க இறங்கி நில்லுங்க."

அவர் இறங்கிக் குடையை விரித்தார். நான் இறங்கவில்லை. கரிசல் மண்ணிலிருந்து அனல் எழும்பி ரோடு நெளிந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாக வந்து மெதுவாகப் போனது. நான் சாமி எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. குழாய் நான் வளைத்தது. ஆனால் அவள் கை சாவியின் மேல் இருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கை மஸ்கட்டில் என்ன செய்யும் என்று நினைத்தேன்.

கேட் திறந்தது. பின்னால் ஒரு பஸ், பொருத்தமாக ஹாரன் அடித்தது. இவள் சாவியை ஒரு பாதி மட்டும் திருப்பி நிறுத்தினாள். பம்பு ஓடியது. எங்கள் காலுக்கு முன்னால் டேங்குக்குள் பொளபொளவென்று ஒரு சத்தம். குழாயில் கொதித்த ஆவி திரும்பி வந்துகொண்டிருந்தது. பஸ்காரன் மறுபடி அமுக்கினான். இவள் அசையவில்லை. சத்தம் மெலிந்து, வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி ஒரே சீராக ஆனது. அப்போது முழுசாகத் திருப்பினாள்.

ஒரு செருமல். பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அண்ணாச்சி குடையோடு ஓடிவந்து ஏறினார். குடை கதவில் மாட்டிக்கொண்டது. கேட்டைத் தாண்டிய பிறகுதான் பேசினார். "எல்லாம் சரி. தாலி கட்டி முடிஞ்சு போச்சே ஆச்சி." பிறகு, "கொல்லத்துக்காரன்கிட்ட ஓடலைன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். இனி எந்த மூஞ்சியோட ஓடுதுன்னு சொல்ல?"

"நீங்க சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. அவுகளை இந்தக் கேட்டுக்கு வரச் சொல்லுங்க, வெயில் நேரமாப் பாத்து," என்றாள் மகள்.

அவர் அங்கேயே போன் போட்டார். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சண்டை மாதிரிப் பேசினார். கடைசியில் அந்தப் பக்கம் சிரிப்பது எங்களுக்கே கேட்டது. அடுத்த வாரம் ஒருவர் தன் காரோடு வருவதாக முடிந்தது. அதுவும் ரேடியேட்டர் இல்லாததுதான்.

சாயங்காலம் கடையில் வைத்து இவள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில்தான்.

"அப்பம் வரமாட்ட," என்றார் அவர்.

"வரல. நீங்க வாங்க."

அந்தப் பக்கத்து ஏசி இரைச்சலை அவர் அணைத்தார். "வந்து நான் அங்கன என்ன செய்ய? சரி, லீவு கேட்டுப் பாக்கேன். ஜூலைல கெடைக்கும். சீசனுக்குச் சரியா இருக்கும், அருவியில குளிச்ச மாதிரியும் ஆச்சு."

நான் போனை வாங்கினேன். "சீசன்ல வராதிய மாப்பிள்ளை. சித்திரையில வாங்க."

"சித்திரையிலயா? வெயிலு மண்டையப் பொளக்குமே அத்தை!"

"பொளக்கட்டும்," என்றேன். "எல்லாத்தையும் அப்பம் வச்சுப் பேசுவோம்."